‘மிரியட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் ‘ஆஃப்’ வரலாமா?

ஏரிக்கரையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைப் பற்றித் தமிழில் வந்த கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் வேலையைச் சென்ற மாதம் ஏற்றுக்கொண்டேன். மூலத்தில், ‘கார்த்திகை பிறந்ததும் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் எண்ணிறந்த பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. ‘எண்ணிறந்த’ என்பதற்குக் ‘கவுன்ட்லெஸ்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம்; ஆனால் முந்தைய பத்தியிலேயே அந்தச் சொல் ஒருமுறை வந்துவிட்டதால், ‘எ மிரியட் ஆஃப் பேர்ட்ஸ்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு பக்கம் தள்ளி, வயல்வெளியில் பறவைகள் இரை தேடும் இடத்தில், ‘மிரியட்ஸ் ஆஃப் இன்செக்ட்ஸ்’ என்றும் எழுதியிருந்தேன்.

படி திரும்பி வந்தபோது, திருத்தியவர் முதல் இடத்தில் முன்னால் இருந்த ‘எ’யையும் பின்னால் இருந்த ‘ஆஃப்’பையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘மிரியட் என்பது பெயரடை, பெயர்ச்சொல் அன்று’ என்று குறித்திருந்தார். இரண்டாவது இடத்தில் விளக்கம்கூட இல்லை. ஒரு வட்டமும் ஒரு கேள்விக்குறியும் மட்டுமே இருந்தன. அவர் அனுபவம் மிக்கவர் என்பதால் எதிர்த்துப் பேசத் துணியவில்லை. ஆனால் வீட்டிலுள்ள அகராதியைப் புரட்டினால், அதே சொல்லுக்குப் பெயர்ச்சொல், பெயரடை என்று இரண்டு பதிவுகள் இருக்கின்றன.

ஆகவே எனக்கு மூன்று ஐயங்கள். ‘ஆஃப்’ போடுவது உண்மையிலேயே பிழைதானா? போடலாம் என்றால், அதன் பின் வரும் வினை ஒருமையில் இருக்க வேண்டுமா, பன்மையில் இருக்க வேண்டுமா? எழுத்துக்கூட்டலில் எம்முக்கு அடுத்து ஒய் வருவதைப் பார்த்து, இத்தனை ஆண்டுகளாக ‘மைரியட்’ என்றே சொல்லி வந்திருக்கிறேன், அதுவும் தவறா?

தேர்வுமேசை:

திருத்தியவர் செய்தது சரி. போட்டித் தேர்வுகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிழை கண்டறியும் வினாக்களில் ‘எ மிரியட் ஆஃப்’ என்று வந்தால், அந்தப் பகுதியைத்தான் பிழையென்று குறிக்க வேண்டும் என்று எங்கள் கையேட்டில் அச்சிட்டிருக்கிறோம். இதற்கு ஓர் எளிய சோதனையும் உண்டு. மிரியட் இருக்கும் இடத்தில் ‘மெனி’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘மெனி பேர்ட்ஸ்’ என்பது பொருந்துகிறது. ‘எ மெனி ஆஃப் பேர்ட்ஸ்’ என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே மிரியட்டுக்கும் அது பொருந்தாது.

உச்சரிப்பு ‘மிரியட்’ என்பதே. அழுத்தம் முதல் அசையில் விழும்.

பேராசிரியை (ஓய்வு):

தேர்வுமேசை அவர்கள் தரும் சோதனை கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஆனால் நிறுவ வேண்டியதையே அது முன்கூட்டி எடுத்துக்கொண்டுவிடுகிறது. மிரியட் என்பது ‘மெனி’யின் இனம் என்று முடிவு செய்துகொண்டு மாற்றிப் பார்த்தால், ‘ஆஃப்’ பிழையாகத்தான் தெரியும். அதே இடத்தில் ‘மல்டிட்யூட்’ என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள்: ‘எ மல்டிட்யூட் ஆஃப் பேர்ட்ஸ்’ என்பது குற்றமற்ற ஆங்கிலம், ‘மல்டிட்யூட் பேர்ட்ஸ்’ என்பதுதான் இடறும். எந்தச் சொல்லை வைத்துச் சோதிக்கிறோமோ அதன் இலக்கணம் விடையாக வருகிறதே ஒழிய, மிரியட்டின் இலக்கணம் வருவதில்லை.

அந்தச் சொல்லின் சொந்த வரலாற்றைப் பார்த்தால் நிலைமை தெளிவாகிவிடும். ஆங்கிலத்தில் அது 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் நுழைந்தபோது பெயர்ச்சொல்லாகவே நுழைந்தது. பதினாயிரம் என்ற எண்ணையும், கணக்கில் அடங்காத பெருந்தொகையையும் அது ஒருசேரக் குறித்தது. பெயரடையாக அதை ஆள்வது 18-ஆம் நூற்றாண்டில் தலைகாட்டிய வழக்கம். கவிஞர்களின் கையில்தான் அது வேரூன்றியது. ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதும்போது கோல்ரிட்ஜ் 1817-இல் ஆண்ட ‘மிரியட்-மைண்டட்’ என்ற தொடரை, ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் வகுப்பில் எப்படியும் ஒருமுறை கேட்டிருப்பார்கள். ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1667-இல், மில்டன் தம் காவியத்தின் முதல் காண்டத்தில் ‘மிரியட்ஸ்’ என்று பன்மைப் பெயராக ஆண்டிருக்கிறார். ‘எ மிரியட் ஆஃப்’ என்ற வடிவம் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் எழுத்தில் இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதற்கென்றே ஒரு தனிக் குறிப்புச் சேர்த்து, பெயர்ச்சொல் வடிவமே மூத்தது என்றும், அதைத் தவிர்க்கக் காரணம் எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டது. ஆக, உங்கள் கட்டுரையில் சிவப்பு மை பட்ட இரண்டு இடங்களிலும் இலக்கணப் பிழை இல்லை. அண்ணன் வீட்டுக்குள் நுழைய, தம்பியிடம் அனுமதிச் சீட்டுக் கேட்பது போன்ற கதை இது.

இன்னும் பின்னால் போனால் கிரேக்கம். அங்கே ‘முரியாஸ்’ என்பது பதினாயிரத்தின் தொகுதியைக் குறிக்கும் பெயர். அதன் உறவான பெயரடைச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. அசையழுத்தம் முன்னால் விழுந்து ‘மூரியோய்’ என்று ஒலித்தால் பதினாயிரம். அழுத்தம் அடுத்த அசைக்கு நகர்ந்து ‘முரீயோய்’ என்று ஒலித்தால் எண்ணற்ற என்று பண்டைய இலக்கணிகள் பிரித்துக் காட்டினார்கள். ஹோமரின் காவியங்களில் இந்தச் சொல் எண்ணற்ற என்ற பொருளில்தான் வருகிறது. ‘முதலில் பதினாயிரம் என்ற துல்லியமான எண்ணாக இருந்து, பிறகு தேய்ந்து எண்ணற்ற என்று ஆகிவிட்டது’ என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கதை அவ்வளவு நேராக ஓடவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

தனிப்பெயர் பெற்ற எண்களில் கிரேக்கர்களிடம் பெரியது அதுதான். அதற்கு மேல் போக வேண்டுமானால், ‘பதினாயிரங்களின் பதினாயிரம்’ என்று அடுக்க வேண்டும். அது நம் கணக்கில் பத்துக் கோடி. பேரண்டத்தை மணலால் நிரப்பினால் எத்தனை மணல் பிடிக்கும் என்று கணக்கிட முனைந்த ஆர்க்கிமிடீஸ், இந்தப் பத்துக் கோடியைத்தான் ஓர் அலகாக எடுத்துக்கொண்டு மேலே மேலே ஏறினார். ஆற்று மணலை எண்ணுவது ஆகாத காரியம் என்று நாம் சொல்வோம் அல்லவா, அதை ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ணியே பார்த்தார்! நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: பதினாயிரங்களின் பதினாயிரம் என்ற அந்த அடுக்கு, பெயர்ச்சொல்லாக இருந்தால் மட்டுமே அமையும். விவிலியத்தின் கடைசி நூலில் வானதூதர்களின் தொகையைச் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இதே அடுக்குத்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ‘பதினாயிரம் பதினாயிரமாக’ என்று அழகாக வந்திருக்கிறது. சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ‘மிரியட்ஸ் ஆஃப் மிரியட்ஸ்’ என்று இருக்கிறது.

உண்மையில் இந்தச் சொல்லை ஓர் எண்ணுப்பெயராக நினைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ‘டஜன்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘எ டஜன் எக்ஸ்’ என்று ‘ஆஃப்’ இல்லாமலும், ‘டஜன்ஸ் ஆஃப் எக்ஸ்’ என்று ‘ஆஃப்’புடனும் அது வருகிறது. ‘தவுசண்ட்’ என்ற சொல்லும் அப்படித்தான். தமிழில் ‘ஆயிரம் பறவைகள்’ என்றும், ‘ஆயிரக்கணக்கான பறவைகள்’ என்றும் நாம் எழுதுவதில்லையா? முதல் தொடரில் எண் நேராகப் பெயரோடு ஒட்டுகிறது. இரண்டாவதில் நடுவே ஒரு ‘கணக்கான’ வந்து உட்காருகிறது. ஒன்று இருப்பதால் மற்றொன்று பிழையாகிவிடாது. ஆங்கிலத்தின் ‘ஆஃப்’ செய்யும் வேலை, ஏறத்தாழ நம் ‘கணக்கான’ செய்யும் வேலையே.

வினையைப் பொறுத்தவரை பன்மையே இயல்பானது. ‘எ மிரியட் ஆஃப் பேர்ட்ஸ்’ என்பதில் மனம் பறவைகளின் மேல் இருக்கிறதே தவிர, மிரியட் என்ற தொகுதியின் மேல் இல்லை. ‘எ நம்பர் ஆஃப் பேர்ட்ஸ்’ என்று எழுதினால் அதன் பின் ‘ஆர்’ வருமா, ‘இஸ்’ வருமா என்று கேட்டால், ‘ஆர்’ என்று தயங்காமல் சொல்வீர்கள். அதே வழக்கை இங்கும் பின்பற்றுங்கள். ‘எ’ ஒருமையைக் காட்டுகிறதே என்று அஞ்சி ‘இஸ்’ போடுபவர்கள் இருக்கிறார்கள். படிக்கும்போது அது கல்லாகத் தட்டுகிறது.

கடைசியாக ஒரு கிளைக்கதை, உங்கள் கட்டுரையில் பூச்சிகள் வருவதால். பூரானும் மரவட்டையும் அடங்கிய தொகுதிக்கு விலங்கியலார் ‘மிரியபோடா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பதினாயிரங் காலிகள் என்று பொருள். 2021-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கடியில் கண்டறிந்து விவரித்த ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள் இருந்தன. அதற்கு முன்பு தெரிந்தவற்றில் மிகுதியான எண்ணிக்கை 750 மட்டுமே. பதினாயிரத்துக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. மதுரையின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள்தாம் இருக்கின்றன என்று எவரும் வழக்குத் தொடுப்பதில்லை அல்லவா?

ஏரிக்கரையான்:

அம்மா, மிக்க நன்றி. ‘கணக்கான’ என்ற ஒப்புமை எனக்கு உடனே பிடிபட்டது. அப்படியானால், திருத்தியவரிடம் என் பழைய வடிவத்தையே திரும்பப் போடச் சொல்லி எழுதலாமா?

மெய்ப்பு பார்ப்பவன்:

எழுதலாம்; ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள் என்பது என் கருத்து. பேராசிரியை அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பெயர்ச்சொல்லாக வந்தால் பிழை என்பது கட்டுக்கதை. ஆனால் பிழையில்லாத எல்லாமே நல்ல வாக்கியமாகிவிடுவதில்லை. இருபது ஆண்டுகளாக ஆங்கில, தமிழ் மெய்ப்புகள் இரண்டையும் பார்த்து வருகிறேன். மிரியட் என்ற சொல்லைக் கண்டால் என் பென்சில் தானாகவே நின்றுவிடும். அதற்குக் காரணம் ‘ஆஃப்’ அன்று.

ஒரு சுற்றுலாக் கையேட்டின் மெய்ப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. ஒரே பக்கத்தில் மிரியட் நிறங்கள், மிரியட் சுவைகள், மிரியட் கோயில்கள், ‘எ மிரியட் ஆஃப் அனுபவங்கள்’, இறுதியில் ‘மிரியட் காரணங்களுக்காக நீங்கள் வர வேண்டும்’ என்று ஐந்து முறை இந்தச் சொல் வந்திருந்தது. அந்தக் காரணங்களை எண்ணிப் பார்த்தேன். அடுத்த பத்தியில் மூன்று இருந்தன. நான்கு இடங்களில் அடித்துவிட்டு, கோயில்களுக்கு மட்டும் விட்டுவைத்தேன். எழுதியவருக்கு என்மேல் இன்றுவரை கோபம்தான். மூன்றுக்கும் நான்குக்கும் ‘செவரல்’ போதும். ஏழெட்டுக்கு ‘மெனி’ போதும். ‘மிரியட்’ என்று சொல்ல வேண்டுமானால், எண்ணத் தொடங்கியவன் பாதியில் கைவிட்டுவிடும் அளவுக்காவது பொருள் இருக்க வேண்டும்.

பிழை என்று நான் உண்மையாகவே குறிப்பவை வேறு. முன்னால் ‘எ’ போடாமல், பன்மையும் ஆக்காமல், ‘மிரியட் ஆஃப் பேர்ட்ஸ்’ என்று மொட்டையாக எழுதுவது அவற்றில் முதலாவது. ஒன்று ‘எ மிரியட் ஆஃப்’ என்று எழுத வேண்டும், இல்லையேல் ‘மிரியட்ஸ் ஆஃப்’ என்று எழுத வேண்டும். இரண்டும் வேண்டாமென்றால் ‘மிரியட் பேர்ட்ஸ்’ என்று நேரே போய்விட வேண்டும். அடுத்து, ‘வெரி மிரியட்’, ‘மோர் மிரியட்’ என்று அளவு கூட்டுவது. எண்ணற்றதில் கொஞ்சம் எண்ணற்றது, நிறைய எண்ணற்றது என்று உண்டா? ‘எ மிரியட் பேர்ட்ஸ்’ என்று ‘எ’யை வைத்துக்கொண்டு ‘ஆஃப்’பை மட்டும் விடுவது ‘எ தவுசண்ட் பேர்ட்ஸ்’ போலப் பழைய செய்யுள் நடையில் உண்டு. இன்றைய உரைநடையில் அதைத் தட்டச்சுப் பிழை என்றே வாசகர் நினைப்பார். பயனிலையாக, ‘காரணங்கள் மிரியட்’ என்ற அமைப்பில், ‘தி ரீசன்ஸ் ஆர் மிரியட்’ என்று எழுதுவதில் தடையேதும் இல்லை. சொல்லப்போனால் அது இந்தச் சொல்லுக்கு மிகவும் இசைந்த இடம்.

நம்மூரில் எழுதப்படும் ஆங்கிலத்தில், எண்ணற்றவை என்று சொல்ல வேறு மூன்று பிடிமானங்களும் இருக்கின்றன. ஒன்று ‘அம்டீன்’. இது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைவீரர்களின் பேச்சிலிருந்து பரவிய சொல். மோர்ஸ் தந்திக் குறியீட்டில் புள்ளி, கோடு என்ற இரண்டில் கோடு என்னும் குறியை ‘அம்ட்டி’ என்று அழைப்பார்கள். அதனோடு, பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை வரும் ‘டீன்’ என்ற ஈற்றை ஒட்டிவிட்டார்கள். கேலியும் சலிப்பும் கலந்த சொல் அது. ‘அம்டீன் தடவை சொல்லிவிட்டேன்’ என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளலாம். வேடந்தாங்கலில் அம்டீன் பறவைகள் என்று எழுதினால், பறவைகள்மேல் நமக்கு எரிச்சல் என்று ஆகிவிடும். இரண்டாவது ‘பிளெதரா’. உடலில் இரத்தம் அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட நிலைக்குப் பழைய மருத்துவர்கள் வைத்த பெயர் அது. இன்றும் ‘தேவைக்கு மேல்’ என்ற குறிப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பெயர்ச்சொல் மட்டுமே என்பதால் ‘ஆஃப்’ இல்லாமல் நடக்காது. மூன்றாவது, நம் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஓயாமல் ஒலிக்கும் ‘என் நம்பர் ஆஃப்’. கணிதத்தில் ‘என்’ என்பது எந்த எண்ணாகவும் இருக்கலாம். ஒன்றாகவும் இருக்கலாம், பூச்சியமாகவும் இருக்கலாம். ‘என் நம்பர் ஆஃப் பேர்ட்ஸ்’ என்று எழுதி, அங்கே ஒரு பறவையும் இல்லை என்று எவராவது புரிந்துகொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், கட்டுரையில் வேண்டாம்.

தமிழாசிரியன்:

மெய்ப்பு பார்ப்பவர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஆங்கிலம் அவர்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் தமிழ் எழுதும் கை ஆங்கிலம் எழுதும்போது எங்கே வழுக்குகிறது என்பதை, மாணவர் ஏடுகளில் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நம் முன்னோர் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று வகுத்தார்கள். எண்ணக்கூடிய பொருளுக்கு வரும் சொல் வேறு. எடுத்தும் முகந்தும் அளக்கும் பொருளுக்கு வரும் சொல் வேறு. ‘எண்ணற்ற பறவைகள்’ என்போம். ‘எண்ணற்ற அன்பு’ என்றால் காது ஒப்பாது, ‘அளவற்ற அன்பு’ என்போம். மிரியட் எண்ணல் அளவைச் சொல். ஆகவே ‘மிரியட் வாட்டர்’, ‘மிரியட் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதுவது, எண்ணற்ற தண்ணீர் என்று எழுதுவதற்குச் சமம். ‘எண்ணிறந்த’ என்ற உங்கள் மூலச் சொல்லிலும் அதே இயல்பு இருக்கிறது. இறத்தல் என்றால் கடத்தல். எண்ணைக் கடந்த என்பதே அதன் பொருள். ‘மிரியட்’டைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள், ‘அளவற்ற’ என்று போட்டுக் குழப்பாமல், எண்ணிறந்த, எண்ணற்ற, எண்ணிலடங்காத, கணக்கற்ற என்பவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழுக்கல் ஒருமை, பன்மையில் நேர்கிறது. தமிழில் அஃறிணைப் பெயர் ‘கள்’ ஏற்காமலே பன்மைக்கும் நிற்கும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இதைப் பாடத்தில் படித்திருப்போம். ‘பறவை வந்தது’, ‘பறவை வந்தன’ என்று வினைதான் எண்ணைச் சொல்லும். ‘ஆயிரம் பறவை’, ‘பத்து மரம்’ என்பன நமக்கு இயல்பு. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது, ‘மிரியட் பேர்ட்’, ‘அம்டீன் டைம்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. எண்ணிக்கைச் சொல்லே பன்மையைக் காட்டிவிட்டதே, மறுபடியும் ஏன் ஒரு ‘எஸ்’ என்று நம் மொழியறிவு கேட்கிறது. ஆங்கிலம் அந்த ‘எஸ்’ஸைக் கேட்டுத்தான் வாங்கும்.

ஒசாகாவிலிருந்து:

இங்கே ஜப்பானிய மொழியில் எண்ணிக்கை ஆயிரத்துக்குப் பிறகு பதினாயிரத்தில்தான் புதுப்பெயர் பெறுகிறது, ‘மான்’ என்பார்கள். நம் ஒரு லட்சம் இவர்களுக்குப் பத்து மான். பதினாயிரம் ஆண்டு என்று பொருள்படும் ‘பன்ஸாய்’ என்பதை வாழ்த்தொலியாக முழங்குகிறார்கள். எவரும் அங்கே ஆண்டுக் கணக்குப் பார்ப்பதில்லை. நாம் ‘பல்லாண்டு வாழ்க’ என்பதைப் போலத்தான். பதினாயிரம் எண்ணற்றதாக மாறுவது கிரேக்கத்தில் மட்டும் நடந்ததன்று என்பதற்காக எழுதினேன்.

தேர்வுமேசை:

பேராசிரியை அவர்களுக்கு என் நன்றி. அகராதியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பெயர்ச்சொல் பதிவு இருக்கிறது, அதுவே முதலிலும் இருக்கிறது. என் சோதனை பொய்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் என் தரப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. வினாத்தாள் எழுதியவர் பழைய கையேட்டை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், மாணவர் எதைக் குறிக்க வேண்டும் என்று சொல்வது?

பேராசிரியை (ஓய்வு):

நல்ல கேள்வி. வாக்கியத்தின் மற்றப் பகுதிகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வினையிலோ காலத்திலோ முன்னிடைச்சொல்லிலோ ஐயத்துக்கிடமில்லாத பிழை ஒன்று இருந்தால் அதைக் குறிக்கட்டும். அப்படி எதுவும் இல்லாமல் ‘ஆஃப்’ மட்டுமே உறுத்தலாக நிற்குமானால், வினாத்தாளின் எண்ணம் என்னவென்று மாணவருக்கே தெரிந்துவிடும். ‘பிழையில்லை’ என்ற விடை தரப்படாதபோது அதைக் குறிப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் எழுதும்போது அஞ்ச வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் கையேட்டின் அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட முடிந்தால், வருங்காலத் திருத்துநர்களின் சிவப்பு மை கொஞ்சம் மிச்சமாகும்.

தமிழாசிரியர் அவர்களின் எண்ணல் அளவைக்கு ஒரு சிறு விலக்கு உண்டு. ‘எண்ணற்ற’ என்று இல்லாமல் ‘எண்ணற்ற கூறுகளை உடைய’ என்ற பொருளிலும் பெயரடையாக இந்தச் சொல் வரும். அப்போது ஒருமைப் பெயருக்கு முன்னும் நிற்கும். கோல்ரிட்ஜின் தொடரில் இருப்பது ஒரே மனம்தான். அதன் முகங்கள்தாம் எண்ணற்றவை. இதைச் செய்பவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். தேர்வறையில் செய்ய வேண்டாம்.

ஏரிக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. மெய்ப்பு பார்ப்பவர் சொன்னபடி ஒரு நாள் பொறுத்தேன். அவருடைய மூன்று காரணக் கதையைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி விடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது: வேடந்தாங்கல் பறவைகள் உண்மையிலேயே எண்ணிறந்தவையா? ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். கரையிலுள்ள கோபுரத்தின்மேல் நின்று, நானே ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். மேல் கிளைகளில் நத்தைகுத்தி நாரைகள், நடுவில் அரிவாள் மூக்கன்களும் கரண்டிவாயன்களும், நீரைத் தொடும் கிளைகளில் நீர்க்காகங்கள் என்று ஒரு மரத்துக்கு நாற்பது, ஐம்பது கூடுகள் வரை எண்ணி, ஒரு கூழைக்கடா குறுக்கே பறந்ததும் கணக்கு விட்டுப்போயிற்று. வனத்துறையினர் ஒவ்வொரு பருவத்திலும் கணக்கெடுக்கிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் 30,000-ஐத் தாண்டியதாகச் செய்தித்தாள்களில் வந்திருக்கிறது. எண்ணப்பட்ட பறவைகளை எண்ணற்றவை என்று சொல்வது எப்படி என்று நின்றேன்.

பிறகு பேராசிரியை அம்மாவின் பதிலை மறுபடியும் படித்தபோது சிரிப்பு வந்தது. மூன்று பதினாயிரம் பறவைகள் என்றால், பழைய கிரேக்கக் கணக்கில் அது மூன்று மிரியட். ஆகப் பன்மைப் பெயராக, ‘மிரியட்ஸ் ஆஃப் பேர்ட்ஸ்’ என்று எழுதினால், எண்ணியவர்களுக்கும் துரோகமில்லை, எண்ணாமல் வியந்து நின்ற மூல ஆசிரியருக்கும் துரோகமில்லை. வயல் பூச்சிகளின் இடத்தில் இருந்ததை ‘கவுன்ட்லெஸ்’ என்று மாற்றிவிட்டேன். அவற்றை எந்தத் துறையும் எண்ணுவதில்லை. முந்தைய பத்தியில் இருந்த ‘கவுன்ட்லெஸ்’ஸை ‘மெனி’ ஆக்கினேன். அங்கே பேசப்பட்டவை ஊரைச் சுற்றியுள்ள சிறு ஏரிகள், ஒரு பிற்பகலில் எண்ணி முடிக்கக்கூடியவை.

திருத்தியவருக்கு இந்த மாற்றங்களையும், பெயர்ச்சொல்லே மூத்தது என்ற அகராதிக் குறிப்பையும் சேர்த்து, மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். இன்று காலை பதில் வந்தது. ‘மிரியட்ஸ்’ நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் இம்முறை, அதே வாக்கியத்தில் கூடு கட்டுவதற்கு நான் போட்டிருந்த வினைக்குக் கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறார். பார்த்தால், பன்மை எழுவாய்க்குப் பின் ‘நெஸ்ட்ஸ்’ என்று ‘எஸ்’ சேர்த்து ஒருமையாக்கியிருக்கிறேன். பெயருக்கு ‘எஸ்’ வேண்டும், வேண்டும் என்று தமிழாசிரியர் ஐயா வலியுறுத்தியதை நினைத்துக்கொண்டே எழுதியதில், வினைக்கும் ஒன்று போய் ஒட்டிக்கொண்டுவிட்டது போலும்.

தமிழாசிரியன்:

அந்த ‘எஸ்’ என் கணக்கில் வேண்டாம், ஐயா.